மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கு ஏறக்குறைய 400. யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு 355. சென்னைக்காரர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. யாழ்ப்பாணம் நம் மனத்தில் அவ்வளவு தொலைவுக்குப் போய்விட்டது. நிலப்படத்தில் இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாக இருக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே நூல் பிடித்தாற்போல் போனால் கல்பாக்கம் பக்கத்தில் கரை விலகும். அப்புறம் கடல்தான். வலப்பக்கம் முப்பது கிலோமீட்டர் தள்ளி நாகப்பட்டினம், அதற்குக் கீழே கோடியக்கரை. பாக் நீரிணையைத் தாண்டியதும் காங்கேசன்துறை, அதை ஒட்டிப் பலாலி.

இந்த 355 கிலோமீட்டர் மாறவே இல்லை. அதைக் கடக்க ஆன நேரம் மட்டும் ஒன்றேகால் மணியாக இருந்தது, பிறகு நாட்களாயிற்று, சிலருக்கு வாரங்களாயிற்று, பலருக்கு ஆயுளில் நடக்காத காரியமாயிற்று. இப்போது மறுபடி ஒன்றேகால் மணிக்கு வந்து நிற்கிறது. விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தது என்பதற்கும் இந்த ஏற்ற இறக்கத்துக்கும் பெரிய தொடர்பில்லை. எந்த ஓடுபாதை யார் கையில் இருந்தது, யாருக்குத் திறந்திருந்தது என்பதுதான் நேரத்தைத் தீர்மானித்தது.

விமானத்துக்கு முன்னேயே இந்த வழி பழகிய வழி. 1849இல் ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தார். பின்னாளில் தங்கசாலைத் தெருவிலேயே அச்சுக்கூடம் வைத்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறியவர்களில் சி. வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். அவர்கள் காலத்தில் பாய்மரக் கப்பலும் காற்றும்தான் நாளைக் குறித்தன. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் வந்தது. எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடிக்க வேண்டும். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது சுற்று வழி. தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வரை தென்கிழக்கே இறங்கி, அங்கே வண்டி மாறித் திரும்ப வடக்கே ஏற வேண்டும். சென்னையில் ஏறியவருக்குப் பெரும்பாலும் இரண்டு இரவுகள் வழியிலேயே கழியும்.

அந்தச் சுற்றை ஒரே வீச்சில் நேராக்கியது 1947 டிசம்பர் 10. இலங்கை விடுதலை பெற இன்னும் எட்டு வாரம் இருந்தது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. இரண்டு எஞ்சின் டகோட்டா. பெயர் 'சீதாதேவி'. ஒரு புதிய நாடு தன் முதல் விமானச் சேவையை லண்டனுக்கோ பம்பாய்க்கோ விடாமல், யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு விட்டது என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். போக்குவரத்து எங்கே இருந்ததோ அங்கே விமானத்தை விட்டார்கள். சென்னையில் படிக்கும் பிள்ளைகள், சிதம்பரத்துக்குப் போகும் பக்தர்கள், வியாபாரிகள், நாதஸ்வரக் கச்சேரிக்கு அழைக்கப்பட்ட வித்வான்கள் என்று ஆட்கள் ஏற்கெனவே போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பலாலி ஓடுபாதை அதற்கும் முன்னது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போருக்காக எடுத்த நிலம், போர் முடிந்ததும் மக்களின் பயணத்துக்கு வந்தது. இந்த வரிசை பிற்பாடு தலைகீழாகத் திரும்பியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டகோட்டாவின் கணக்கு எளிது. மணிக்கு 280 கிலோமீட்டர் சுமாராகப் பறக்கும். 355ஐக் கடக்க ஒன்றேகால் மணி, எதிர்க்காற்று இருந்தால் ஒன்றரை. உள்ளே காற்றழுத்தம் கட்டாத விமானம் என்பதால் பத்தாயிரம் அடிக்கு மேல் போகாது. காது அடைக்கும், உடம்பு குலுங்கும், மழைமேகத்தைத் தாண்டி மேலே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே புகுந்து வர வேண்டியிருக்கும். ஆனால் தாழப் பறந்ததால் கீழே எல்லாம் தெரியும்.

சென்னையில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வலிகாமம் வடக்கில் வசாவிளான் அவருக்குச் சொந்த ஊர். அவரை எல்லாரும் மாஸ்டர் என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பி.எஸ்சி. படித்தவர். விடுமுறைக்குப் போவதும் வருவதும் பெரும்பாலும் ரயிலும் கப்பலுமாக இருந்தாலும், அவசரத்துக்கு டகோட்டா ஏறியிருக்கிறார்.

"தம்பி, காலமை வீட்டிலை புட்டும் சம்பலும் திண்டுபோட்டுப் பலாலியிலை ஏறினா, மத்தியானச் சாப்பாடு மெட்ராசிலை. பிளேன் ஏறேக்கை எங்களையும் நிறுப்பினம், பெட்டியையும் நிறுப்பினம். அம்மா கட்டித் தந்த பனங்கட்டிக் குட்டானைக் கையிலை வைச்சுக்கொண்டு தராசிலை ஏறினனான்."

"வீட்டிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம், மாஸ்டர்?"

"சைக்கிள் தூரம். எங்கடை தோட்டத்துக்கு மேலாலைதானே பிளேன் இறங்கும். மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி இறைக்கேக்கை சத்தம் கேட்டா நேரம் என்னெண்டு அப்பாவுக்குத் தெரியும்."

காசுள்ளவர்கள் புதுப்படம் பார்க்கவென்றே விமானத்தில் திருச்சிக்குப் போய் வருவார்கள் என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பலரும் சொல்வார்கள். மிகைப்படுத்தலும் சேர்ந்திருக்கலாம். ஆனால் தூரத்தைப் பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பலாலியிலிருந்து திருச்சி 185 கிலோமீட்டர்தான். கொழும்பு அதைவிட எவ்வளவோ தள்ளி.

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயிலும் துறைமுகமும் ஒரே இரவில் போயின. ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் அதற்குப் பிறகும் ஓடியது என்றாலும் பழைய போட் மெயிலின் ஒழுங்கு திரும்பவில்லை. வான்வழி அதனாலேயே முக்கியமாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1978 செப்டம்பர் 7 அன்று, பலாலியிலிருந்து வந்து இரத்மலானையில் பயணிகளை இறக்கிவிட்டு நின்ற ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. விடுதலைப் புலிகள் வைத்த குண்டு அது. நாட்டின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். அடுத்த ஆண்டு ஏர் சிலோன் இருந்த இடத்தில் ஏர் லங்கா பிறந்தது. வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்கவில் குவிந்தன. பலாலியிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் என்பது பழங்கதையாயிற்று. அது திரும்பி வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

குண்டின் சூடு மீனம்பாக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்தில் ஏற்ற இருந்த பெட்டிகள் சென்னை விமான நிலையத்திலேயே வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று இறந்தவர்கள் யாருக்கும் இலங்கையில் நடந்த சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. ஈழத்து நினைவுகளைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

அந்த நாற்பது ஆண்டுகளில் இந்த வானத்தில் இந்திய விமானங்கள் பறக்காமலும் இல்லை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள் பெங்களூரிலிருந்து வந்து, மிராஜ் போர் விமானங்களின் துணையோடு, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் பாராசூட்டில் போட்டன. அடுத்த மாதமே இந்திய-இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாகி, இந்திய அமைதிப்படை பலாலியில் வந்து இறங்கத் தொடங்கியது. ராணுவ வீரர்களையும் தளவாடங்களையும் சுமந்த விமானங்கள் இரவும் பகலும் கடலைத் தாண்டின. சென்னையில் படித்துவிட்டு ஊர் திரும்ப முடியாமல் நின்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மட்டும் அதில் ஓர் இருக்கை கிடையாது.

1990இல் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர் மூண்டது. பலாலித் தளத்தைக் காக்க என்று சுற்றியிருந்த ஊர்களை இலங்கை ராணுவம் காலி செய்தது. மயிலிட்டி, பலாலி, வசாவிளான், காங்கேசன்துறை எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மாஸ்டர் குடும்பம் அந்த ஜூன் மாதத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியது. சைக்கிள் தூரத்தில் விமான நிலையம் இருந்ததே அவர்கள் வீட்டை இழந்ததற்குக் காரணமாயிற்று.

1993இல் அவர் மனைவிக்குச் சென்னையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தை அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். முதலில் வெளியேறப் புலிகளின் பாஸ். பிறகு மாலையில் கிளாலிக் கரை. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர நீரேரியை இரவில் படகில் கடப்பதுதான் வழி. கடற்படை சுடும். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அப்படிக் கடந்த பொதுமக்கள் பலர் அங்கே கொல்லப்பட்டிருந்தார்கள். படகுகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, முன்னே ஓடும் ஒரே படகின் இயந்திரம் இழுத்துப் போகும். விளக்கு கிடையாது, பேச்சு கிடையாது. விடிகாலை அக்கரை. அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் கிளிநொச்சி, பிறகு வேனில் வவுனியா நோக்கி. தாண்டிக்குளத்தில் ராணுவச் சோதனை, காத்திருப்பு. வவுனியாவில் ரயில். கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜ், போலீஸ் பதிவு, இந்திய விசாவுக்கு வரிசை. எல்லாம் முடிந்து கட்டுநாயக்கவில் விமானம் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்க மூன்று கிழமைக்கு மேல் ஆயிற்று. கிழமை என்று அவர்கள் சொல்வது நம் வாரம்.

ஒரு கணக்கு ஆசிரியருக்கே உரிய வேதனையோடு அவர் சொன்னது இது:

"கொழும்பிலையிருந்து மெட்ராசுக்கு நேர்க்கோடு கீறிப் பாருங்கோ தம்பி. அந்தக் கோடு எங்கை போகுது தெரியுமோ? யாழ்ப்பாணத்துக்கு மேலாலை."

கீறிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கட்டுநாயக்கவிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 645 கிலோமீட்டர். அந்தக் கோடு யாழ்ப்பாண நகரத்தை உரசிக்கொண்டு செல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழியே 400 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, மறுபடி ஆகாயத்தில் ஏறி, கிளம்பிய ஊரின் தலைக்கு மேலேயே வந்து, சென்னைக்குப் போக வேண்டும். 355 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊருக்கு ஆயிரத்துக்கு மேல். போர் முடிந்து பத்தாண்டு வரைக்கும்கூட யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்தச் சுற்றைத்தான் சுற்றினார்கள்.

அகதிகளாகப் படகில் வந்தவர்கள் வேறு வழியில் வந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாமில் பதிவாகி, தமிழ்நாட்டின் முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்குப் பயணச்சீட்டும் இல்லை, திரும்பும் தேதியும் இல்லை.

பலாலியிலிருந்து உள்நாட்டு விமானம் இடையிடையே ஓடியது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு இரத்மலானைக்குப் போகலாம். 1998 செப்டம்பர் 29 அன்று அப்படிக் கிளம்பிய லயன் ஏர் நிறுவனத்தின் அன்டோனவ் விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பெரும்பாலானோர் தமிழர்கள்.

நேரக் கணக்கில் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை கொழும்பின் நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி முன்னால் இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. 2002இல் ஏ-9 நெடுஞ்சாலை திறந்த பிறகு கொழும்பிலிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் போனவர்கள் ஓமந்தையில் இறங்கிச் சோதனை முடித்து, வன்னிக்குள் நுழைந்ததும் அரை மணி பின்னே போய், முகமாலையில் மறுபடி அரை மணி முன்னே வந்தார்கள். ஒரே தீவுக்குள், ஒரே நெடுஞ்சாலையில்.

2009இல் போர் முடிந்தது. ரயில் 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணத்தை மறுபடி எட்டியது. விமானத்துக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள். 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கியது. அடுத்த மாதம் பயணிகள் சேவை தொடங்கியது. நாலே மாதம் ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனா அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் மறுபடி தொடங்கியபோது வாரத்துக்கு நாலு நாள். 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இண்டிகோ சென்னைக்கும் பலாலிக்கும் தினமும் விட ஆரம்பித்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியையும் சேர்த்துக்கொண்டது. கடல்வழியும் திறந்திருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், பருவமழையால் நின்று, மறுபடி அடுத்த ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. கடல் சீறினால் நிற்கும் சேவை என்றாலும், மூட்டை முடிச்சோடு போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

இன்று இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72. எழுபது எண்பது பேர் அமரலாம். டகோட்டாவைப் போலவே இதற்கும் இரண்டு புரொப்பல்லர். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் பார்த்தால் 355ஐ முக்கால் மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணிதான் போட்டிருக்கிறது. இவ்வளவு சிறிய தூரத்தில் வேகத்துக்கு வேலை குறைவு. பாதி வழி ஏறுவதிலும் இறங்குவதிலும் போய்விடும். மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு முறை வரும்வரை ஊர்ந்து ஊர்ந்து நிற்க வேண்டும். இறங்கும் முறைமைக்குச் சுற்ற வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள். எழுபது ஆண்டுகளில் விமான வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. இந்த வழியில் பயணிக்குக் கிடைத்த லாபம் மிஞ்சினால் சில நிமிடங்கள். வாசலிலிருந்து வாசல் கணக்கிட்டால், அறுபதுகளின் மாணவன் இன்றைய பயணியைவிடச் சீக்கிரமே போயிருப்பான். இப்போது சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். மீனம்பாக்கத்தின் வேறு எந்த வரிசையும் அப்படி இருக்காது. முன்னே ஒரு குடும்பம், கனடாவிலிருந்து வந்து, இரண்டு நாள் தி. நகரில் கூறைப்புடவை எடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஊர் போகிறது. பெட்டிகளை எடைக்கருவியில் வைத்து, கூடிப்போனதை இறக்கி, ஒரு பெட்டியைத் திறந்து இன்னொன்றில் திணிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறையை மடியாமல் மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு வயதான பெண்மணி, கூடவே மகன். சிதம்பரம் போய்த் திரும்பும் ஒரு கூட்டம், நெற்றியில் விபூதி கலையாமல். கல்லூரிப் பிள்ளைகள் சிலர். எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் நாலைந்து தமிழ். "அங்கிள், இந்த பாக் வெயிட் ஓகேவா?" என்று ஒரு பையன் கேட்க, "ஓம், காணும் காணும்" என்று பதில் வருகிறது. சென்னைப் பையன் விழிக்கிறான். போதும் என்று அர்த்தம் என யாரோ சொல்கிறார்கள்.

மாஸ்டர் 2024இன் கடைசியில் போய் வந்தார். எண்பதைத் தாண்டியவர், தனியாக, ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறார். ஏடிஆரில் இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. கரை விலகியதும் வெறும் நீலம். அப்புறம் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பனைகள், சதுரம் சதுரமாகச் செம்மண் தோட்டங்கள்.

"இறங்கேக்கை எங்கடை காணி தெரிஞ்சுது தம்பி. கிணத்தடியிலை நிண்ட ரெண்டு மாமரமும் இல்லை. பத்தை மண்டிப் போய்க் கிடக்கு. ஆனா எல்லையிலை நிக்கிற பனை அதேதான், எனக்கு நல்லாத் தெரியும்."

"போய்ப் பார்த்தீர்களா?"

"முள்ளுக்கம்பிக்கு இஞ்சாலை நிண்டு பார்த்தனான்."

சென்னையிலிருந்து ஒன்றேகால் மணியில் வந்தவருக்கு, ஓடுபாதையிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கும் சொந்த நிலத்துக்குப் போக வழியில்லை. வலயத்தின் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் சாலையே 2025 ஏப்ரலில்தான் மக்களுக்குத் திறந்தது, அதுவும் பகல் நேரத்துக்கு மட்டும். 1990இல் அந்தச் சாலை வழியாக ஓடியவர்களில் பலர் மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களிலேயே கால் நூற்றாண்டைக் கழித்தார்கள். ஓடுபாதையை நீட்ட வேண்டும், பெரிய விமானங்கள் வர வேண்டும், லண்டனிலிருந்து நேரே இறங்க வேண்டும் என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. வரட்டும், நானும் விரும்புகிறேன். ஆனால் ஓடுபாதையைச் சுற்றியிருப்பது தரிசு நிலம் அல்ல. காணி உறுதி வைத்திருக்கும் உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள். முதலில் அவர்கள் காணியை அவர்களிடம் கொடுக்கட்டும். பிறகு எவ்வளவு தேவையோ அதை விலை பேசி, சம்மதம் வாங்கி எடுக்கட்டும். போர்க்காலத்து முள்வேலியை அப்படியே விமான நிலையத்தின் மதிலாக்கிவிடக் கூடாது.

விமானம் வந்ததால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கட்டுநாயக்கவில் நள்ளிரவில் இறங்கி, வேன் பிடித்து, ஏழெட்டு மணி நேரம் குலுங்கிக்கொண்டு போன நோயாளிகளுக்கு இந்த ஒன்றேகால் மணி என்ன என்று அவர்களைக் கேட்டால் தெரியும். 2010 முதல் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் விசாவுக்கும் கொழும்பு போக வேண்டியதில்லை. முன்பு சாவுச் செய்தி கேட்டுக் கிளம்பினால் எட்டுக்கிரியைக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. இப்போது விசா கையில் இருந்தால், உடலை எடுப்பதற்கு முன்னேயே முகம் பார்க்கலாம்.

மிச்சம் இருப்பவர்கள் முகாம்காரர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களில் ஊர் திரும்ப நினைப்பவர்கள் உண்டு, இங்கேயே இருக்க விரும்புபவர்களும் உண்டு. இருக்க விரும்புபவர்களுக்கு இந்தியா குடியுரிமை தர வேண்டும் என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். திரும்ப நினைப்பவர்களுக்கு இன்று தடையாக நிற்பது கடலும் இல்லை, விமானக் கட்டணமும் இல்லை. படகில் வந்தவரிடம் கடவுச்சீட்டு இல்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கையில் பிறப்புப் பதிவு இல்லை. பதிவுக்கும் கடவுச்சீட்டுக்கும் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம், வெளியேறும் அனுமதிக்கு இந்திய அதிகாரிகள், இரண்டுக்கும் நடுவே முகாம் அலுவலகம் என்று ஒவ்வொரு தாளாக அலைகிறார்கள். அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் இரண்டு அரசுகளும் சென்னையிலேயே ஒரு கூரையின் கீழ், கட்டணமும் அபராதமும் இல்லாமல் முடித்துக் கொடுக்கட்டும். விமானம்தான் தினமும் போகிறதே.